கிள்ளிப் போட்ட துரும்பு

தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பாப்பாத்தி, பதினாறு வருஷம் கழித்து ஊருக்குள் வந்தாள். வந்தது பென்ஷனுக்கு.

"புருஷன் செத்ததுக்கு வரல, கருமாதிக்கு வரல. பென்ஷன்னதும் மீன்சுருட்டியிலேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டா பாரு," என்றாள் ரெங்கம்மாள். ஊரே அதைத்தான் பேசியது. ரெங்கம்மாள் கொஞ்சம் உரக்கப் பேசினாள், அவ்வளவுதான்.

நடராசன் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டியவன். ரிட்டயர் ஆகிப் பென்ஷனை நிம்மதியாக வாங்கித் தின்னக் கொடுத்து வைக்கவில்லை. நெஞ்சுவலி வந்து போய்விட்டான்.

பாப்பாத்தி அவனுடைய முதல் மனைவி. குழந்தை இல்லை என்று ஊர்ப் பஞ்சாயத்தில் துரும்பு கிள்ளிப் போட்டு, உறவு முறிந்ததாக அவளை அத்து விட்டார்கள். அப்புறம் அவன் கட்டிக்கொண்டவள் சிந்தாமணி. அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஆறாவது படிக்கிறாள். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடமே சேரவில்லை.

துரும்பு கிள்ளியது ஊருக்குத் தெரியும். ஆபீசுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அங்கே நடராசனின் மனைவி இன்றைக்கும் பாப்பாத்திதான்.

அதை விசாரிக்கத்தான் அரியலூரிலிருந்து வருவாய் ஆய்வாளர் வந்திருந்தார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இங்கே சொல்வது தெளிவாக இருக்க வேண்டும், குழப்பம் வந்தால் யாருக்கும் பென்ஷன் கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று.

பாப்பாத்தி வெள்ளைப் புடவையில், பொட்டில்லாமல் நின்றாள். போன மாதம் வரைக்கும் சந்தையில் பொட்டும் பூவுமாக வெங்காயம் விற்றவள். வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"நடராசன் சம்சாரம் யாரும்மா?"

"நாந்தான் சார்."

"நடுவுல அத்து விட்டது, தீர்த்து விட்டது ஏதாவது உண்டா?"

"இல்லைங்க சார்."

கூட்டம் சலசலத்தது. இத்தனை பேருக்கு முன்னால் வாய் கூசாமல் சொல்கிறாளே என்று நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

ஆய்வாளர் நாட்டாமை இராமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். அன்றைக்குத் துரும்பை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"நீங்க சொல்லுங்க பெரியவரே. நீங்க சொல்றததான் எழுதப் போறேன்."

நாட்டாமை சிந்தாமணியைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்துக் கெஞ்சியது. பாவம், இவள் வயிற்றில் அடிக்க விடக்கூடாது என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

தொண்டையைச் செருமினார். பாப்பாத்தி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உண்மையச் சொல்லணும்னா, பதினாறு வருஷத்துக்கு முன்னால இதே ஊருல..."

"இருங்க மாமா." சிந்தாமணி பெண்களை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "நானே சொல்லிடறேன் சார். அவங்கதான் பொண்டாட்டி. நான் சும்மா சேர்ந்து இருந்தவ."

நாட்டாமையே முன்னால் நின்று நடத்தி வைத்த கல்யாணம் அவளுடையது. பெற்ற பெண்களை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றாள்.

சரிதானா என்று ஆய்வாளர் கேட்டார். நாட்டாமைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புள்ள சொல்வதுதான் என்றார். ஆய்வாளர் எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார்.

ஜீப் தெருவைத் தாண்டியதும் நாட்டாமை பாய்ந்தார்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா சிந்தாமணி? புள்ளைங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே."

"நீங்கதான் மாமா போடப் பாத்தீங்க." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "எம் பேருக்கு மாத்தணும்னா கேஸ் போடணுமாம். அது முடியறதுக்குள்ள இதுங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நேரா பாப்பாத்தி அக்கா கால்ல போயி வுழுந்தேன். அக்காதான், எம் பேருலயே பென்ஷன வாங்கி மாசாமாசம் உங்கிட்டக் கொண்டாந்து குடுத்துடறேன், பெரியவ படிப்ப நிறுத்திடாதன்னு சொல்லுச்சு. உங்ககிட்ட முன்னாடியே சொன்னா, பொய் சொல்ல மாட்டேன்னு நிப்பீங்க."

நாட்டாமை திரும்பிப் பார்த்தார். பாப்பாத்தி தாழ்வாரத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"உன்னய அத்து விட்ட ஊரும்மா இது," என்றார். "ஊரு வாயில வுழுந்து, பொட்ட அழிச்சுக்கிட்டு, நீ எதுக்கு இந்தப் பொய்யச் சொல்லணும்?"

பாப்பாத்தி சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"புள்ள இல்லன்னுதான மாமா அன்னிக்குத் துரும்பக் கிள்ளிப் போட்டீங்க. இப்பதான் ரெண்டு இருக்குதே."