வாசலில் ஒரு கோப்பரல்

“பிள்ளைங்க பயந்து நடுங்குறாங்க டீச்சர்! நாளைக்கே அந்தப் போலீஸ்காரரை மாத்தியாகணும்!”

கார்த்திகேசு மேசையை ஓங்கித் தட்டினார். தலைமையாசிரியை திலகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“போன கூட்டத்துல போலீஸ் வேணும்னு இதே மேசையைத் தட்டினதும் நீங்கதானே சார்?”

மண்டபத்தில் குபீரென்று சிரிப்பு எழுந்தது.

உண்மைதான். ஈஜோக் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியின் வாசலில் யாரோ சில இளைஞர்கள் வேப் எனும் மின்சிகரெட் விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் புத்தகப் பையிலேயே ஒன்று அகப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியது. பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் சங்கத் தலைவர் கார்த்திகேசு. சிற்றுண்டிச்சாலை நடத்தும் கண்மணி மட்டும் கடைசிவரை எதிர்த்தாள்.

“படிக்கிற எடத்துல துப்பாக்கியோட ஒருத்தர் எதுக்கு? பிள்ளைங்க நிம்மதியா பசியாறக்கூட முடியாது” என்று வாதாடித் தோற்றுப்போனாள்.

கோப்பரல் முகுந்தன் வந்து சேர்ந்தார். வேப் விற்றவர்கள் அன்றோடு காணாமல் போனார்கள். அன்று எதிர்த்தவள் என்பதால்தான் இப்போது கண்மணி எழுந்து நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எந்தப் பிள்ளை பயப்படுதுண்ணே? பேரைச் சொல்லுங்க.”

“என் பொண்ணு நித்தியா! அந்தாளைப் பாத்தாலே நடுங்குறா.”

“நித்தியாவா? நேத்து அவரு தட்டுல இருந்த கறிபாப்பைப் பிடுங்கித் தின்னதே அவதான் லா!”

பின்வரிசையிலிருந்து செல்வா குரல் கொடுத்தார். “என் பையனும்தான் பயப்படுறான்.”

“உங்க பையன் அவரோட தொப்பியை மாட்டிக்கிட்டு என் கடைக்கு வந்து ‘ஐ.சி. எடு’ன்னு கேக்குறான். நானே அடையாளக் கார்டை எடுத்துக் காட்டிட்டுத்தான் வியாபாரம் பண்றேன்!”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்மணி விடவில்லை.

“டீச்சர், அன்னைக்கு நான் வேணாம்னு சொன்னேன். இல்லேங்கல. ஆனா இப்பப் பயப்படுறது பிள்ளைங்க இல்ல, அப்பாமாருங்க. நடு ரோட்டுல காடியை நிறுத்துறது, ஒரே மோட்டார்ல குடும்பத்தையே ஏத்திட்டு வர்றது, தலையில ஹெல்மெட் இல்லாம பறக்குறது... காலையில வாசல்ல மாட்டுறதெல்லாம் இவங்கதான்.”

பல தலைகள் குனிந்தன. கார்த்திகேசுவின் முகம் சிவந்தது.

“சரி, ஒத்துக்குறேன். என்னையும் புடிச்சாரு. ஆனா ஏன் தினமும் என்னையே புடிக்கிறாரு? நான் என்ன பிள்ளைக்கு ஹெல்மெட் போடாமலா கூட்டிட்டு வர்றேன்? மத்தவங்க ஒரு நாள் மாட்டினா ரெண்டு நாள் தப்பிச்சுடுறாங்க. என் மோட்டார் தூரத்துல வரும்போதே அந்தாளு ரோட்டுக்கு எறங்கிடுறாரு. அப்படி என்னதான் விரோதம் என் மேல?”

கோப்பரல் முகுந்தன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க கோப்பரல்?” என்று கேட்டார் திலகம்.

“மாத்தினா போயிடுறேன் டீச்சர்.”

“அவர் கேட்டதுக்குப் பதில்?”

முகுந்தன் தயங்கினார். “அது கூட்டத்துல சொல்ற விஷயம் இல்ல. அண்ணே, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?”

“வர்றேன்யா! எனக்கென்ன பயம்?” கார்த்திகேசு சட்டைக் கையை மடித்துக்கொண்டே வெளியேறினார்.

இருவரும் பந்து விளையாடும் திடல் பக்கம் போனார்கள். மண்டபமே சன்னலோரம் திரண்டது. எப்படியும் கைகலப்பு ஆகிவிடும் என்று கண்மணி பயந்தாள். கார்த்திகேசு கைகளை வீசி வீசிக் கத்துவது தெரிந்தது. முகுந்தன் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். வீசிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

கார்த்திகேசு திரும்பி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் டீச்சர். அவரு இங்கயே இருக்கட்டும்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“என்னண்ணே, லாக்கப்புல போட்டுருவேன்னு மிரட்டினாரா?” என்றாள் கண்மணி.

“இல்ல தங்கச்சி.” அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “என் பொண்ணு பயப்படுறான்னு நான் சும்மா அடிச்சு விட்டேன். ஆனா அவ நெசமாவே பயந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா.”

“போலீசுக்கா?”

“எனக்காக.” கார்த்திகேசு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “‘எங்கப்பா எனக்கு மட்டும் ஹெல்மெட் போட்டு எறக்கி விட்டுட்டு, வெறுந்தலையோட லோரிக்கு நடுவுல ரவாங்குக்கு வேலைக்குப் போறாரு. அவரைத் தினமும் புடிங்க அங்கிள்’னு முதல் நாளே அவருகிட்ட போய்ச் சொன்னது என் பொண்ணுதானாம்.”