வலப்பக்கத்து இருக்கை

ஒருவர் இறங்கி, விமானம் அடுத்தவர் கைக்கு மாறும் சில நிமிடங்களில்தான் ஒரு விமானி இன்னொரு விமானியின் முகத்தைப் பார்க்க முடியும். அதற்குள் விமானிகள் சங்கச் செயலாளர் கேப்டன் மங்கையர்க்கரசி, புதிதாக வேலைக்கு வந்த ஆல்பினிடம் மூச்சுவிடாமல் பேசி முடித்தாள்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி மேடம். சங்கத்துல சேர்ந்துடறேன்" என்று பேனாவை வாங்கினான். எதையும் தனியாக முடிவு செய்யாதே என்று பயிற்சியில் ஊறிய பழக்கத்தில், வலப்பக்கம் திரும்பித் துணை விமானியிடம் கேட்டான்: "சேரலாம்ல?"

அங்கே ஆளில்லை. கம்பெனியின் இயந்திரம்தான்.

"என்ன அவசரம் ஆல்பின்?" என்றது பரிவாக.

பேனா திரும்பி வந்தது.

தன் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மங்கை பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "இன்னிக்கும் ஒருத்தரும் சேரல" என்றாள், வலப்பக்கம் பார்த்து.

"வருத்தப்படாதீங்க மேடம். யார் யார்கிட்ட பேசினீங்க?"

கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.