ஆடாமல் இருப்பவள்

பழைய கிடங்கில் நாடகம் நடக்கிறது. மேடை கிடையாது, தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் மாலை வெயில்தான் விளக்கு. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் அம்மா, பக்கத்தில் வளர்ந்த மகன். அவன் வழக்கம்போல முன்னும் பின்னும் ஆடியபடி, விரல்களை முகத்தருகே படபடவென்று உதறிக்கொண்டிருக்கிறான். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கையை அமுக்கிப் பிடித்தே பழகியவள், இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறாள். நடிகர்கள் அத்தனை பேரும் அவனைப் போலவேதான் ஆடுகிறார்கள், உதறுகிறார்கள், ஒரே சுருதியில் முனகுகிறார்கள். நடுவில் ஒரு நடிகை மட்டும் மடியில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். "பாவம், நல்ல குடும்பம்" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை, அந்த உச்சு அவளுக்கு அத்துப்படி. டாக்டராக வரும் நடிகர் ஆடிக்கொண்டே பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறார். கல்லாய்ச் சமைந்திருக்கும் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகனிடம் குனிகிறார். "தம்பி, இவங்க உங்களுக்கு யாரு?" "எங்கம்மா." "எப்பலேருந்து இப்படி ஆடாம அசையாம இருக்காங்க?" அவன் உதறுவதை நிறுத்தவில்லை. "எப்பவுமே இப்படித்தான்," என்கிறான். "எனக்குப் பழகிப்போச்சு."