வாரத்துக்கு எத்தனை சனிக்கிழமை?

"ஈறெல்லாம் ஒரே ரத்தம். சுகர் டெஸ்ட் பண்ணினீங்களா?" என்றாள் பல் டாக்டர் மாலின்.

டோர்கெலுக்குச் சுருக்கென்றது. "பல்லைப் பாக்க வந்தா பல்லை மட்டும் பாருங்க. சின்ன வயசுலேர்ந்து நான் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய் தின்னுவேன்!" என்றார், வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மிட்டாய் என்று வளரும் ஸ்வீடன்காரர்களுக்கே உரிய பெருமையோடு.

"உங்க வீட்டுல வாரத்துக்கு எத்தனை சனிக்கிழமை?"

டோர்கெல் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் ஏறும். இதைச் சொல்லி நம்ம ஊர் சுகர் டாக்டருக்கு இருபது கடிதம் போட்டுட்டேன். மகராசன் ஒண்ணைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டார். இந்தக் கடிதத்தையாவது அவர் படிக்கிற மாதிரி பண்ணுங்க."

டோர்கெல் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

நோயாளி: டோர்கெல் லிண்ட்மார்க்.

பெறுநர் இடத்திலும் அதே பெயர்தான். முன்னால் 'டாக்டர்' மட்டும் கூடுதலாக இருந்தது.