ஈரம் காயாத பெயர்கள்

நிதி பெறும் கலைஞர்கள் அந்த மண்டபத்தில் நன்றியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை; எழுதப்படாத விதி அது. ஆலைத் தீயில் மாண்ட தையற்பெண்களை வரைந்த ஓவியக்காரி மேடையோரம் நிற்கிறாள். நிதி, அதே ஆலையின் அறக்கட்டளையுடையது. ஓவியத்தின் அடியிலுள்ள ஒன்பது பெயர்களையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு அறக்கட்டளைச் செயலாளர் அவளிடம் குழைகிறார்: “முகம் இருக்கே, போதாதாம்மா? பேரு வேற எதுக்கு? அடுத்த படத்துக்கும் எங்ககிட்டத்தானே வரணும்.” சன்னல் வெயிலில் துணி மெல்லச் சிவக்கிறது. இன்று காலை அவள் பெயர்களை எழுதிய, இன்னும் காயாத சாயம், எழுத்தெழுத்தாகத் துணியின் மேலே கசிகிறது. அவள் கட்டைவிரல் நகத்திலும் அதே சிவப்பு. அவளை அழைக்கிறார்கள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து துணியை உருவுகிறாள். “முதல் பேரு என் தங்கச்சியோடது,” என்று ஒலிவாங்கியில் வாசிக்கத் தொடங்குகிறாள்.