எட்வினின் நீலம்

அக்ரிலிக் துண்டுகளை ஒட்டி லேத்தில் கடைந்து பேனா செய்வதில் அருமைநாயகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை, எதிரே எட்வின் கடை போடும்வரை. வருகிறவர்களெல்லாம் எட்வினின் பேனாக்களில் இருந்த நீல நிறத்தையே கேட்டார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் ஆள் அனுப்பி அவன் பேனா ஒன்றை வாங்கிவரச் செய்தார். ரம்பத்தால் அறுத்து, ஒரேயொரு நீல வளையத்தைத் தன் வண்ணத் துண்டுகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, ஒல்லியாகக் கடைந்தார். அப்படியொரு பேனா அவர் கையில் அதுவரை பிறந்ததில்லை. கண்ணாடிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்தார்.

பார்க்க எட்வினே வந்தான். பேனாவை உருட்டி உருட்டிப் பார்த்தவனின் கட்டைவிரல் நீலத்தில் வந்து நின்றது.

“இது என்னோடது,” என்றான் சிரித்துக்கொண்டே. “மத்த கலரெல்லாம் யாரோடது அண்ணாச்சி?”