காற்றை அளந்தவர்

வந்தவர் சுவரில் ஒரு விரலை இழுத்துப் பார்த்தார். விரல் நுனியில் மாவு போல வெள்ளைத் தூசி அப்பியது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு தூசியா? இதுல எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார் மேனேஜரிடம்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். எப்போதும் எரிந்து விழுகிற மனுஷன் பெட்டிப் பாம்பாக அடங்கி நிற்பதை, கொட்டகையில் இருந்த பன்னிரண்டு பேரும் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் போல இருக்கு, அண்ணி," என்று பக்கத்து மெஷின்காரன் கிசுகிசுத்தான். "கவர்மென்ட் ஆளா இருந்தாத்தான் இவரு இப்படி நடுங்குவாரு."

கொட்டகையே அண்ணி என்று கூப்பிடும் அவள், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்தினாள். வெட்டிய கண்ணாடியின் ஓரத்தில் கூர் போகத் தேய்ப்பதுதான் அங்கே வேலை. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று மாதமாகிறது. கேட்டபோதெல்லாம் மேனேஜர் 'பார்க்கலாம்' என்றார், பார்க்கத்தான் இல்லை.

அந்த மூன்று மாதத்தில் அவள் கணவனுக்கு இருமல் வந்து நெஞ்சோடு தங்கிவிட்டது. அவனுக்கும் அதே கொட்டகையில்தான் வேலை. டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொன்னார். அது எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

கொட்டகையை ஒட்டினாற்போல் லேமினேட்டிங் அறை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிம் வைத்து ஒன்றாக ஒட்டும் புது மெஷின் உள்ளே இருந்தது. அதற்கு இரவும் பகலும் இருபது டிகிரி குளிர்ச்சி வேண்டும். காற்றில் ஈரம் கூடாது, தூசி கூடாது. தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஒரு தலைமுடி விழுந்தாலும் கண்ணாடி வீண்.

தேய்த்த கண்ணாடியை உள்ளே தள்ளும்போது நடுக்கதவு இரண்டு நிமிடம் திறக்கும். அதற்காகவே அவள் கணவன் கதவோர மெஷினைக் கேட்டு வாங்கியிருந்தான். கதவு திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பான். நாள் முழுக்க அவன் முழுசாக இழுக்கிற மூச்சு அதுதான்.

வந்தவர் அந்தக் கதவருகே போனார். கையிலிருந்த கருவியை உயர்த்திப் பிடித்து, அது காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டார். "இப்படியே விட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

இதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "சார், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"உனக்கு எதுக்கு வம்பு?" என்று கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் இருமல் வந்து அவனை இரண்டாக மடித்துப் போட்டது.

"சொல்லுங்கம்மா," என்றார் வந்தவர்.

"இந்தத் தூசியைத் தின்னுக்கிட்டுத்தான் சார் வேலை பாக்குறோம். தண்ணிக் குழாய் உடைஞ்சு மூணு மாசம் ஆச்சு. இவரு இருமுறதைப் பாருங்க."

"தண்ணி விடாமலா தேய்க்கிறீங்க?" அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மேனேஜர் ஒரு சாண் குறைந்துபோனார். "இந்தத் தூசி கதவுக்கு அந்தப் பக்கமும் போகுதாம்மா?"

"போகாம இருக்குமா சார்? கதவு திறக்குறப்பல்லாம் புகை மாதிரி போகுது."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "மூணு நாள்ல இதுக்கு ஒரு வழி பண்ணியாகணும்," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"அண்ணி வாயில சர்க்கரையைத்தான் போடணும்," என்றான் பக்கத்து மெஷின்காரன். கணவன்கூடச் சிரித்துவிட்டான். "என்கிட்ட மட்டும்தான் இவ இப்படிப் பேசுவான்னு நெனச்சேன்."

மூன்றாம் நாள் காலையில் ஒரு வண்டி செங்கல்லும் சிமென்ட்டும் வந்து இறங்கின. தண்ணீருக்குத் தொட்டி கட்டப்போகிறார்கள் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். கொத்தனார் நேராக நடுக்கதவுக்குப் போனார். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். முதல் வரிசைச் செங்கல்லை வாசலின் குறுக்கே வைத்தார்.

"அண்ணே, இங்க இல்லண்ணே..." என்றான் அவள் கணவன்.

"இங்கதாம்பா. கண்ணாடியெல்லாம் இனிமே வெளிப்பக்கமா சுத்திக்கிட்டுப் போகுமாம்."

செங்கல் முழங்கால் உயரம் வந்தது. பிறகு இடுப்பு உயரம். கணவன் மிச்சமிருந்த திறப்பில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தான். "கொஞ்சம் தள்ளிக்கப்பா, கலவை தெறிக்கும்," என்றார் கொத்தனார். அவன் தள்ளி நின்றான்.

அவள் வெளிவாசலுக்கு ஓடினாள். வேலை முடிகிறதா என்று பார்க்க வந்த அந்த மனிதர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஓடி வாங்க சார்! நீங்க தூசிக்கு வழி பண்ணச் சொன்னீங்க. இவங்க கதவை அடைக்கிறாங்க! இருந்த கொஞ்சம் காத்தும் போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நிறுத்திடுவாங்க."

அவர் அவளைப் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார்.

"அடைக்கச் சொன்னதே நான்தாம்மா... நான் அந்தப் புது மெஷின் கம்பெனி ஆளு."